கரிசல் வீட்டு முற்றத்தில் பவழமல்லிகை

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு முதலிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் பூமியில், வீட்டின் முன் ஒரு பூமரம் நிற்க வேண்டும் என்ற ஆசை இல்லாத குடும்பம் அரிது. அவ்வாசை நிறைவேறிய குடும்பமும் அரிதே. கன்று வாங்கி நட்டவர் பலர்; இரண்டாம் கோடையைக் கடந்த கன்றுகளோ சில. மழைக்குறைவே இதற்குக் காரணம் என்று சொல்லி அத்துடன் விட்டுவிடுவது ஜனங்களின் வழக்கம். அது பாதி உண்மை. ஐப்பசி கார்த்திகையில் அடிவேரில் நீர் தேங்கி, வேர் அழுகி நலிந்துபோன கன்றே பங்குனி சித்திரையில் முதலில் மாள்கிறது என்பது மற்றப் பாதி. கோடையில் கண்ணுக்குத் தெரிவது காய்ந்த கன்று மட்டுமே. அதன் வியாதி ஆறு மாதத்திற்கு முன்னரே மண்ணுக்குள் தொடங்கியது என்பதை ஒருவரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

ஆகையால் கரிசலில் மரம் வளர்க்க விரும்புவோர், எவ்வளவு நீர் ஊற்றுவது என்று கேட்பதற்கு முன்பு, கன்றை எவ்வாறு அமர்த்துவது என்று கேட்பதே முறை. அம்முறையைப் பவழமல்லிகை என்னும் ஒரு சிறுமரத்தைக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது. பவளமல்லி என்றும் பாரிஜாதம் என்றும் வழங்குவது இதுவே.

சிறுமரம் என்று குறித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கரிசல் மண்ணில் 100-க்கு 50 பங்குக்கு மேற்பட்டது மிக நுண்ணிய களி. அக்களி நீரைக் குடித்தால் உப்பும். நீரை இழந்தால் சுருங்கும். மாசி பிறந்தால் நிலம் வெடிக்கத் தொடங்கி, ஆனி மாதத்தில் ஒரு கை நுழையும் அகலத்திற்கு வெடிப்புகள் காண்பதைக் கரிசல் விவசாயி எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. நிலம் இவ்வாறு ஆண்டுதோறும் உப்பிச் சுருங்குவதால் அதன்மேல் நிற்கும் சுவரும் ஏறி இறங்குகிறது. வேம்பு, அரசு, வாகை போன்ற பெருமரமொன்று சுவரை ஒட்டி நின்றால், அதன் வேர்கள் அஸ்திவாரத்தின் ஒரு பக்கத்து ஈரத்தை மட்டும் உறிஞ்சி விடுகின்றன. அப்பக்கம் தாழும், மறுபக்கம் அப்படியே நிற்கும், இரண்டிற்கும் இடையில் சுவர் பிளக்கும். இது கரிசலுக்கு மட்டும் உரிய துன்பமன்று. இங்கிலாந்தில் 1976-ஆம் ஆண்டில் ஏற்பட்ட கடும் வறட்சியின்போது லண்டன் நகரைச் சுற்றியுள்ள களிமண் பூமியில் ஏராளமான வீடுகள் இவ்வாறு வெடிப்புக் கண்டன. அவற்றுள் பலவற்றின் அருகே பெருமரங்கள் நின்றிருந்தன.

கரிசலில் புதிதாக வீடு கட்டுவோர்க்கு, நிலையான அடிமண் வரை இறங்கும் அடிவிரிந்த கம்பங்களின்மேல் அஸ்திவாரம் போடும் முறை ஒன்று உண்டு. ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் இம்முறையை வகுத்து நாடெங்கும் பரப்பினர். ஆனால் பழைய கிராம வீடுகளுக்கு அவ்வசதி இல்லை. அவ்வீட்டாருக்கு உகந்த விதி ஒன்றே: மரம் எவ்வளவு உயரம் வளருமோ, அவ்வளவு தூரமாவது சுவரிலிருந்து தள்ளி நட வேண்டும். இவ்விதியின்படி வேம்பு நடுவதற்குக் கிராமத்து முற்றங்களில் இடம் போதாது. 10 அடிக்குள் கட்டுப்படுத்தி வளர்க்கக்கூடிய பவழமல்லிகைக்கு இடம் உண்டு. அதையும் சுவரிலிருந்து 12 அடிக்குக் குறையாமல் நடுக. மரம் நிற்கும் இடத்தைப் போலவே நீர் ஊற்றும் இடமும் சுவருக்கு எட்டி இருத்தல் வேண்டும். சுவரடியில் நாள்தோறும் ஒரு பக்கமாக நீர் விடுவதும் நிலத்தை ஒருபுறம் உப்பச் செய்யும்.

பிற பூமரங்களை ஏன் சொல்லவில்லை என்று சிலர் கேட்கக்கூடும். சரக்கொன்றை மிக அழகியது. ஆனால் 30 அடி வரை வளர்வது. அதற்கு உரிய இடம் பள்ளிக்கூட மைதானமும் சாலையோரமுமே. மந்தாரை நல்ல மரந்தான். அதன் தழையை ஆடுகள் விரும்புவதால் வேலிக்கு வெளியே நீட்டிய கிளை ஒன்றும் மிஞ்சுவதில்லை. பூவரசு விரைவில் வளர்ந்து நிழல் கொடுக்கும்; ஆயினும் சுவருக்கு அருகில் தகாது. பொன்னரளியைப் பற்றி மட்டும் சற்று அழுத்தமாகச் சொல்வது அவசியம். அது வறட்சியைத் தாங்கும், ஆடு தொடாது, ஆண்டு முழுவதும் மஞ்சள் நிறப் பூவும் தரும். இக்குணங்களால் பலர் அதை வீட்டில் நட்டிருக்கின்றனர். ஆனால் அதன் கொட்டை இருதயத்தை நிறுத்தும் கொடிய விஷம். அவ்விஷத்தால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் போன உயிர்கள் அநேகம். குழந்தைகள் விளையாடும் முற்றத்தில், துக்கமும் கோபமும் வந்துபோகும் குடும்பத்தின் கையெட்டும் தூரத்தில், அம்மரம் நிற்பது உசிதமன்று. ஏற்கனவே நிற்குமாயின் வெட்டி அகற்றுவதில் தயக்கம் வேண்டா.

பவழமல்லிகையின் சொந்த நிலம் யாது என்பதை அறிந்தால் அதன் தேவையும் விளங்கும். இமயமலையின் அடிவாரம் தொடங்கி மத்திய இந்தியாவின் வறண்ட குன்றுச் சரிவுகளில் இது தானாக முளைத்துத் தோப்புத் தோப்பாக நிற்கிறது. அங்கே மண் ஆழமில்லாதது. கல்லும் சரளையும் கலந்தது. எவ்வளவு மழை பெய்தாலும் நீர் நில்லாமல் ஓடிவிடுவது. வறட்சியைத் தாங்கும் ஆற்றல் இம்மரத்திற்கு அங்கே வாய்த்தது. தேங்கிய நீரில் நிற்கும் பழக்கம் மட்டும் அதற்குக் கிடைக்கவில்லை. கரிசலோ சமதரை, நீர் கீழிறங்கவும் மாட்டாது, பக்கவாட்டில் ஓடவும் மாட்டாது. ஆகவே குன்றுச்சரிவின் குணத்தை முற்றத்தில் ஓரளவு உண்டாக்கிக் கொடுத்தால் மரம் பிழைக்கும். இதுவே இப்பாடத்தின் உயிர்நிலை.

கோவில்பட்டி வட்டாரத்தில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 700 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேற்பட்டது வடகிழக்குப் பருவத்தில், அதாவது ஐப்பசி கார்த்திகை மாதங்களை ஒட்டிச் சில நாட்களில், கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வறண்ட வட்டாரம் என்ற பெயரை நம்பி நீர்த்தேக்கத்தைக் குறித்துக் கவலையற்று இருத்தல் தகாது. 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த பெருமழையின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. கோவில்பட்டி வட்டாரமும் அம்மழைக்குத் தப்பவில்லை. ஓர் ஆண்டின் மழை ஓரிரு நாளில் பெய்யக்கூடிய நாட்டில், கன்றின் கழுத்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

குழி தோண்டும் வழக்கத்தை இங்கே முதலில் திருத்த வேண்டும். செவல் மண்ணில் மூன்றடி ஆழக் குழி தோண்டி, எருவும் மேல்மண்ணும் நிரப்பிக் கன்று நடுவது நல்ல முறை. அதே முறையைக் கரிசலில் கையாண்டால், இறுகிய களியின் நடுவே தோண்டிய குழி ஒரு தொட்டியாகிறது. நிரப்பிய மண் பொலபொலப்பாக இருப்பதால் சுற்றுப்புறத்து நீர் முழுவதும் அதற்குள் வந்து சேரும். சேர்ந்த நீர் வெளியேற வழி இராது. எரு மிகுதியாகப் போட்ட குழியில் நாற்றமும் உண்டாகும். நல்லது செய்வதாக எண்ணிக் கன்றுக்குக் கிணறு வெட்டி வைத்ததாகவே இது முடியும்.

இதற்கு மாறாக, ஆறடி விட்டமுள்ள வட்டத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குள் ஓரடி ஆழத்திற்கு மட்டும் மண்ணைக் கொத்திக் கட்டியை உடைக்க வேண்டும். வைகாசி ஆனி மாதங்களில் கோடைமழை ஒன்று பெய்து மண் பதத்திற்கு வந்த நாளே இதற்கு ஏற்றது. காய்ந்த கரிசலில் கடப்பாரையும் துள்ளும். ஈரக் கரிசலில் மண்வெட்டி ஒட்டிக்கொள்ளும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பதம் இரண்டு மூன்று நாட்களே நிற்கும். கொத்திய மண் ஆடி ஆவணி வெயிலில் நன்றாகக் காயட்டும். பிறகு கரிசல் மண் இரண்டு பங்கு, செவல் மண்ணோ சரளையோ ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு ஆகியவற்றைக் கலந்து, கொத்திய வட்டத்தின்மேல் ஒன்றரை அடி உயரத்திற்குத் திட்டாகக் குவிக்க வேண்டும். செவல் மண் ஒரு வண்டி வேண்டியிருக்கும். கோவில்பட்டிக்கு மேற்கேயுள்ள செவல்காடுகளிலிருந்து இதை நாலைந்து வீட்டார் சேர்ந்து தருவித்துக்கொள்வது சிக்கனமாகும். சிறிதளவு ஆற்றுமணலை மட்டும் கரிசலோடு கலப்பதில் பயன் இல்லை; களி மணலை விழுங்கி முன்னிலும் கெட்டிப்படும்.

திட்டின் சரிவு மெதுவாக இருத்தல் வேண்டும். அதன் அடியைச் சுற்றி அரையடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் எடுத்து, முற்றத்தின் தாழ்ந்த மூலைக்கு அதைக் கொண்டுபோய் விட வேண்டும். இவ்வாய்க்கால் மழைக்காலத்தில் திறந்திருக்கும். தை பிறந்ததும் ஒரு கூடை மண்ணால் அதன் வாயை அடைத்துவிடலாம்.

திட்டின்மேல் நட்ட கன்று கோடையில் விரைவில் காயாதா என்ற கேள்வி நியாயமானதே. முதல் ஆண்டில் காயத்தான் செய்யும். அதற்குரிய பரிகாரம் பின்னர் சொல்லப்படும். ஆனால் ஓராண்டு கடந்ததும் வேர்கள் திட்டைத் துளைத்துக் கீழுள்ள கரிசலை அடைகின்றன. கரிசல் மழை ஈரத்தை ஆழத்தில் பல மாதம் சேமித்து வைக்கும் மண். பருத்தியும் கொத்தமல்லியும் பாசனமின்றிப் பனியிலும் அடி ஈரத்திலும் விளைவது அதனாலேதான். மேலே வடிகாலும் கீழே சேமிப்பும் ஒருங்கே வாய்ப்பது திட்டு முறையில்தான். தாகம் கண்ட கன்றுக்கு ஒரு குடம் நீர் கொடுத்து மீட்கலாம். வேர் அழுகிய கன்றை மீட்க வழியில்லை. ஆகவே இரண்டு துன்பங்களுள் தாகத்தைத் தேர்ந்துகொள்வதே புத்தி.

கன்று இரண்டு வகையாகக் கிடைக்கும். பவழமல்லிகையின் காய் தட்டையாக, ஒரு காசு அளவில், இதய வடிவமாக இருக்கும். மார்கழி தை மாதங்களில் காய் பழுப்பு நிறமடைந்து இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு பாதியிலும் ஒரு விதை இருக்கும். அவற்றைச் சேகரித்து, சித்திரையில் நிழலான இடத்தில் மணல் கலந்த மண்ணில் விதைக்கலாம். முளைப்பு மெதுவாகவும் முன்பின்னாகவும் இருக்கும். எல்லா விதையும் முளைக்கும் என்று எதிர்பார்த்தல் கூடாது. ஆகையால் வேண்டும் கன்றுகளைப்போல் மூன்று மடங்கு விதையிடுதல் நன்று. மற்றொரு வகை, மழைக்காலத்தில் பென்சில் பருமனுள்ள, அரைமுதிர்ச்சியான குச்சிகளை முக்கால் அடி நீளத்திற்கு வெட்டி நட்டு வேர்விடச் செய்வது. குச்சியிலிருந்து வந்த கன்று விரைவில் பூக்கும்; விதைக்கன்று பூக்க இரண்டு மூன்று ஆண்டு செல்லும். பொறுமையுள்ளவர் விதைக்கன்றையே நடலாம்.

நடும் காலம் புரட்டாசிக் கடைசி. மானாவாரி விதைப்புக்கு நாள் பார்க்கும் அதே காலம் இதற்கும் பொருந்தும். முதல் மழை பெய்து திட்டு அமிழ்ந்து அமர்ந்தபின், அதன் உச்சியில் கன்றின் மண்கட்டி அளவுக்கு மட்டும் பள்ளம் எடுத்து, கன்று முன்பு எந்த மட்டத்தில் இருந்ததோ அதைவிட ஒரு விரற்கடை உயர்த்தியே நட வேண்டும். கழுத்தை மண்ணில் புதைப்பது இம்மரத்திற்கு ஆகாது. நட்டபின் மேற்குப் பக்கத்தில் ஒரு கம்பு ஊன்றித் தளர்வாகக் கட்ட வேண்டும். கயத்தாற்றில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேல்காற்று அடுத்த ஆனி ஆடியில் கன்றையும் ஆட்டி வேரை அசைக்கும், ஈரத்தையும் கொண்டுபோகும். முற்றத்தில் இடம் தேர்ந்துகொள்ள வசதி இருந்தால், வீட்டிற்குக் கிழக்கே நடுவதே மேல்.

வேலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பவழமல்லிகையின் இலை உப்புத்தாளைப் போல் சொரசொரப்பானது; கசப்பும் மிக்கது. மரத்தை மெருகிடுவதற்குக்கூட அதை உபயோகித்ததுண்டு. ஆதலால் வெள்ளாடு அதை விரும்பி மேய்வதில்லை. ஆயினும் வெள்ளாட்டின் விருப்பத்தை நம்பி வேலியிடாமல் இருத்தல் கரிசற்காட்டில் ஒருவரும் செய்யத்தகாத காரியம். உடைமுள்ளோ சீமைக்கருவேல முள்ளோ கொண்டு இரண்டு ஆண்டுவரை வட்டவேலி அமைக்க வேண்டும். சீமைக்கருவேலின் பச்சைத் தூரை ஊன்றிவிடாமல், காய்ந்த முள்ளை மட்டும் அடைக்க வேண்டும். நெற்றோடு கூடிய முள்ளை ஆடு தின்றால் வேலியே அடுத்த ஆண்டின் களையாகும்.

இனி நீர். ஐப்பசி முதல் மார்கழி வரை நீர் ஊற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் நேராது. அக்காலத்தில் இலை தொங்கினால் வீட்டார் பதறிப்போய் மேலும் ஒரு குடம் ஊற்றிவிடுகின்றனர். இது மிகவும் ஜாக்கிரதையாகக் கவனிக்க வேண்டிய இடம். தாகத்தாலும் இலை தொங்கும். வேர் மூச்சுமுட்டினாலும் இலை தொங்கும். இரண்டையும் இலையைப் பார்த்துப் பிரித்தறிதல் கடினம். மண்ணைப் பார்த்தே அறிய வேண்டும். தூரிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு சாண் ஆழம் தோண்டி, அங்குள்ள மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பார்க்க வேண்டும். உருண்டையாகத் திரண்டு கையில் ஒட்டினால் நீர் வேண்டா. வாய்க்காலைத் திறந்து வடியவிடுதலே மருந்து. உருட்டுமுன் பொடிந்தால் நீர் தேவை.

தை முடிந்தபின் வாரத்திற்கு இரண்டு குடம் போதும். நாள்தோறும் ஒரு செம்பு தெளிப்பதைவிட, வாரத்தில் இரண்டு முறை முழுக்குடமாக ஊற்றுவது சிறந்தது. மேலோட்டமாக நனைத்தால் வேரும் மேலேயே சுற்றும். திட்டின் உச்சியில் தூரைச் சுற்றிக் கிண்ணம்போல ஒரு சிறு பாத்தி இருந்தால் ஊற்றிய நீர் வழியாது. மாசி முதல் ஆனி முடிய ஐந்து மாதத்திற்கு ஒரு கன்றுக்கு ஏறக்குறைய 44 குடம் நீர் ஆகிறது. ஒரு குடத்திற்கு 15 லிட்டராகக் கணக்கிட்டால் 660 லிட்டர். குழாயில் முறைவைத்து நீர் வரும் ஊர்களில் இது சிறிய கணக்கன்று. பெண்மக்களே பெரும்பாலும் அந்நீரைச் சுமப்பவர் ஆகையால், மரம் நடுமுன் இக்கணக்கை வீட்டில் பேசி முடிவு செய்வது நலம். ஒரு குடும்பம் ஒரு கோடையில் எத்தனை கன்றுக்கு நீர் கொடுக்க இயலும் என்பதற்கு விடை பெரும்பாலும் ‘ஒன்று’ என்பதே. ஐந்து நட்டு ஐந்தையும் இழப்பதைவிட ஒன்றை நட்டு அதைக் காப்பது மேலாகும்.

இந்நீர் எங்கிருந்து வரும்? 20 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள கூரையின்மேல் ஓர் அங்குல மழை பெய்தால் 700 லிட்டர் நீர் விழுகிறது. சிந்தியும் வழிந்தும் போவது போக 500 லிட்டரையாவது பிடிக்கலாம். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டபோது பொருத்திய குழாய்கள் பல வீடுகளில் உடைந்து கிடக்கின்றன. அவற்றைச் செப்பனிட்டு ஒரு மூடிய தொட்டிக்குத் திருப்பினால், ஒரு கன்றின் கோடைத் தேவையில் பெரும்பகுதி ஒரே மழையில் கைக்கு வந்துவிடும். தொட்டியில் ஒரு கொசுவும் நுழையாதபடி மூடி இறுக்கமாக இருத்தல் அவசியம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு தெளிந்த நீரிலேதான் முட்டையிடுகிறது.

வீட்டுக் கழிவுநீரைப் பயன்படுத்துவதிலும் விவேகம் வேண்டும். காய்கறி கழுவிய நீரும், பாத்திரம் இரண்டாம் முறை அலசிய நீரும் தாராளமாக விடலாம். சவுக்காரமும் சலவைத்தூளும் கரைந்த நீரை விடுதல் ஆகாது. கரிசல் இயல்பாகவே காரத்தன்மை மிகுந்தது. சவுக்கார நீரிலுள்ள சோடியம் என்னும் உப்புச்சத்து களியை மேலும் குழைத்து, நீரும் காற்றும் புகாதபடி அடைத்துவிடும். ஓர் ஆண்டில் தெரியாது; மூன்றாம் ஆண்டில் அம்மண் மழையிலும் நனையாத தோலாகிவிடும். உவர்ப்பான ஆழ்குழாய் நீருக்கும் இதே விதி பொருந்தும்.

வெடிப்பினால் வரும் தீங்கு இன்னொன்று. நிலம் பிளக்கும்போது மெல்லிய வேர்கள் அறுந்துபோகின்றன. பிளவின் வழியாக அனல்காற்று இறங்கி அடி ஈரத்தையும் உலர்த்துகிறது. மாசியில் மண் இறுகத் தொடங்கியவுடனே திட்டையும் அதைச் சுற்றி மூன்றடி அகலத்தையும் மேலாகக் கொத்திப் புழுதியாக்கிவிட்டால் பிளவு ஆழமாக இறங்காது. பிறகு அதன்மேல் நான்கு அங்குல உயரத்திற்கு மூடாக்கு இட வேண்டும். சோளத்தட்டை, கம்பந்தட்டை, கடலைத்தோல், நறுக்கிய பருத்திமார் எதுவாயினும் ஆகும். தூரை ஒட்டி நான்கு விரல் அகலம் மட்டும் மூடாக்கின்றி விட்டுவைக்க வேண்டும். இவ்வேலை அரைநாளில் முடிவது; மீத்துக்கொடுக்கும் குடங்களோ பல. கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு இப்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடைபெறும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், கரிசல் மானாவாரிப் பயிர்களுக்கென்றே நெடுங்காலம் உழைத்துவரும் ஸ்தாபனம். மழை ஈரத்தை மண்ணிலேயே நிறுத்துவதைப் பற்றிச் சந்தேகம் உள்ளவர் அந்நிலையத்தாரை அணுகிக் கேட்கலாம்.

இரண்டாம் மூன்றாம் ஆண்டில் சில கன்றுகளின் இளந்தளிர் மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதுண்டு. இது பூச்சியுமன்று, நீர்க்குறைவுமன்று. கரிசலின் அடியில் சுக்கான் என்னும் சுண்ணாம்புக் கட்டிகள் நிறைந்திருப்பதால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்கு எட்டுவதில்லை. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, சில துளி எலுமிச்சைச்சாறு சேர்த்து, மாலைவேளையில் தளிர்களின்மேல் இரண்டு வாரத்திற்கு ஒருமுறையாக இரண்டு மூன்று தடவை தெளித்தால் பச்சை திரும்பும். தொழு உரம் ஆண்டுதோறும் ஒரு கூடை இட்டுவரும் திட்டில் இந்நோய் குறைவு. யூரியா முதலிய உரங்களை இம்மரத்திற்கு வாங்கிப் போடுவது வீண்செலவு. இலை பெருகும், பூ குறையும்.

மரத்தைச் சிறியதாக வைத்திருக்கும் வித்தை கத்தரிப்பில் இருக்கிறது. பவழமல்லிகை புதுத்துளிரின் நுனியிலேயே பூப்பது. பூக்காலம் ஆவணியில் தொடங்கி மார்கழி வரை நீளும். ஆகவே காய் முற்றி விதையும் எடுத்தபின், தை கடைசியிலோ மாசி முதலிலோ, சென்ற ஆண்டின் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடலாம். தலை 10 அடிக்கு மேற்போகாமல் நிற்கும். இலை குறைவதால் கோடையில் நீர்த்தேவையும் குறையும். கோடைமழையில் வரும் துளிர்கள் அனைத்தும் பூக்கும் துளிர்களாகும். ஆடிக்குப் பின் வெட்டுதல் அவ்வாண்டின் பூவை வெட்டுவதாகும். கோடையில் மரம் பெரும்பாலும் இலையுதிர்த்துக் குச்சியாக நின்றால் செத்துவிட்டது என்று எண்ணிப் பிடுங்கிவிடலாகாது. நகத்தால் பட்டையைக் கீறி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்ப்பது போதும்.

மாலையில் அரும்பவிழ்ந்து, இரவெல்லாம் மணத்து, விடியுமுன் பூ முழுவதும் உதிர்ந்துவிடுவது இம்மரத்தின் இயல்பு. 1753-ல் சுவீடன் தேசத்துத் தாவரநூலார் லின்னேயஸ் குறித்த லத்தீன் பெயருக்குத் ‘துயர மரம்’ என்று பொருள். பகலில் பூவின்றி நிற்பதைக் கண்ட மேல்நாட்டார்க்கு அது துயரமாகத் தோன்றியது போலும். அதிகாலையில் முற்றம் தெளிக்க எழும் தமிழ்ப் பெண்களுக்கு அவ்வாறு தோன்றியதில்லை. தரையில் விழுந்த பூவைப் பூஜைக்கு எடுப்பதில்லை என்னும் வழக்கத்திற்கு இப்பூ ஒரு விலக்கு. திருவாரூர் மாவட்டத்துத் திருக்களர்க் கோயிலில் தலவிருட்சமும் இதுவே. சுவாமியின் பெயரும் பாரிஜாதவனேஸ்வரர். களர் என்பது உவர்நிலத்தையும் குறிக்கும் சொல்; அதைக்கொண்டு இம்மரம் களர்நிலத்தில் வளரும் என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டா. சத்தியபாமையின் தோட்டத்தில் நட்ட பாரிஜாதம் ருக்மிணியின் முற்றத்தில் பூவை உதிர்த்தது என்னும் கதையை அறிந்தோர், மதிற்சுவரின் ஓரமாக இதை நடாமல் இருப்பது அண்டை வீட்டாருடன் ஒற்றுமைக்கு நல்லது. மரத்தடியைப் பெருக்கிச் சாணம் தெளித்து, இரவில் பழைய வேட்டி ஒன்றை விரித்து வைத்தால் பூ மண் படாமல் சேரும்.

வருமானத்தை எதிர்பார்த்து இதை நடுதல் வேண்டா. பூ வெயில் ஏறுமுன் வாடிவிடுவதால் சந்தைக்கு உதவாது. பவழநிறக் காம்பைப் பிரித்து நிழலில் உலர்த்தி நீரில் கொதிக்கவைத்தால் காவிகலந்த மஞ்சட்சாயம் கிடைக்கும். பட்டுத்துணிக்கு அதைத் தோய்த்ததுண்டு. ஆனால் வெயிலிலும் சலவையிலும் நிற்கும் சாயமன்று. பள்ளிப்பிள்ளைகள் செய்து பார்ப்பதற்கு ஏற்றது. இலையைக் கஷாயமாக்கிக் காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் குடிக்கும் வழக்கம் பரவலாக உண்டு. காய்ச்சல் பரவும் காலங்களில் இதனாலேயே மரங்கள் மொட்டையாகின்றன. காய்ச்சல் கண்டவரை முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று இரத்தம் பரிசோதிக்கச் செய்வதே கடமை. கஷாயத்தை நம்பி மூன்று நாள் கழிப்பது டெங்குவில் ஆபத்தாகும்.

கூட்டுறவுச் சங்கத்தினால் ஆகக்கூடியதும் இதில் உண்டு. வெளியூர் நாற்றுப்பண்ணையில் செவல் மண்கட்டியோடு வாங்கிவந்த கன்றைக் கரிசலில் நட்டால், வேர் அக்கட்டியை விட்டு வெளியேறாமல் சுற்றிச் சுற்றியே இளைப்பதுண்டு. சங்கக் கட்டடத்தின் பின்புறத்தில் ஓரளவு நிழல் இருந்தால், பாதி கரிசலும் பாதி செவலும் கலந்த மண்ணில் சங்கமே நாற்று வளர்க்கலாம். முற்றிய மரம் ஒன்று கிராமத்தில் இருந்தால் விதை போதும். இல்லாவிடில் குச்சிகளை அண்டை ஊரிலிருந்து வாழைமட்டையில் சுற்றி ஈரம் காயாமல் கொண்டுவரலாம். 100 விதையிட்டால் 30 கன்றை நம்பலாம் என்று வைத்துக்கொண்டு, கன்று வேண்டும் அங்கத்தினர் பெயரைச் சித்திரைக் கூட்டத்திலேயே எழுதிக்கொள்வது நன்று. பெயர் கொடுத்தவர் ஆனி முடிவதற்குள் தம் முற்றத்தில் திட்டுக்கான வட்டத்தைக் கொத்திவிட்டாரா என்று ஓர் அங்கத்தினர் சென்று பார்த்துவருதல் வேண்டும். கொத்தாதவருக்கு அவ்வாண்டு கன்று கொடுப்பதில்லை என்று சங்கம் தீர்மானித்தால், கன்றும் மிஞ்சும், செவல் மண் வண்டிக்கு எத்தனை வீட்டார் பங்கு என்பதும் புரட்டாசிக்கு முன்பே தெரிந்துவிடும்.